கற்றச்சராயிருந்து நாடாண்ட மெக்கன்ஸியார்

திருப்பணி என்றவுடன் பலர்க்கும் கோபுரமும் கலசமும் நினைவிற்கு வரும். அதனை அருகிருந்து கண்டவர்க்கோ முதற்கண் நினைவிற்கு வருவது உளியோசையேயாம். காலை தொடங்கி விளக்கேற்றும் வேளை வரை ஓயாது கேட்கும் அவ்வோசைக்கு உரியவர் இன்னார் என்பதை எழுதி வைப்பார் அரியர். கல்வெட்டில் அரசன் பெயர் இருக்கும். உபயஞ் செய்தார் பெயர் இருக்கும். கல்லை வெட்டியவன் பெயர் பெரும்பாலும் இராது.

ஆகவே, உளியும் சுத்தியும் பிடித்த கையினர் ஒருவர் ஒரு மாகாணத்தின் நிதியமைச்சராகவும், பின்னர் ஒரு பெருநாட்டின் தலைமையமைச்சராகவும் உயர்ந்த வரலாற்றை இம்மலரில் எழுதத் துணிந்தேம். அவர் பிறந்த நாடு வேறு, சமயம் வேறு, மொழி வேறு. எனினும், பலர் தந்த பணத்தைக்கொண்டு பலர்க்கும் பொதுவான கட்டிடம் எழுப்புங்கால், அப்பணம் யார் கையில், எவர் கண்காணிப்பில், எக்கணக்கின்படி நிற்றல் வேண்டும் என்னும் வினா அவர் வாழ்நாள் முழுதும் அவரை விடாது தொடர்ந்தது. உபயகாரர்களாகிய அன்பர்கட்கு அவ்வினா புதியதன்று.

அவர் அலெக்ஸாண்டர் மெக்கன்ஸி என்னும் பெயரினர். நம் நாட்டில் ஓலைச்சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் தொகுத்த காலின் மெக்கன்ஸி வேறு, இவர் வேறு. கனடா நாட்டின் வடபாற் பேராற்றிற்குத் தம் பெயரை ஈந்த அலெக்ஸாண்டர் மெக்கன்ஸி என்னும் நாடுகாண் பயணியாரும் வேறு. அவர் இவர் பிறப்பதற்கு ஈராண்டு முன்னரே மறைந்தவர். மூவரும் ஸ்காட்லாந்து நாட்டினர் என்பதொன்றே ஒற்றுமை.

நம் மெக்கன்ஸியார் 1822-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர்ப் பகுதியில் லாஜிரேட் என்னும் சிற்றூரிற் பிறந்தனர். தந்தையார் மரத்தச்சர். மக்கட் பேறு மிகுதி, வருவாய் குறைவு. பதின்மர் ஆண்மக்களுள் இவர் மூன்றாமவர். வேலை கிடைக்குமிடந் தேடிக் குடும்பம் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தமையால் இவர்தம் பள்ளிப் படிப்பும் ஊர்தோறும் துண்டுபட்டது. 1836-இல் தந்தையார் மறைந்தார். அதற்கு முன்னரே, 13-ஆம் அகவையளவில், இவர் பள்ளியை விட்டுப் பிழைப்பிற்கு இறங்கினர். 16-ஆம் அகவையிற் கல் வேலை பயிலச் சேர்ந்து, 20 அகவை நிரம்புதற்குள் தொழில் முற்றிய கற்றச்சராயினர். பகலில் உளி, இரவில் நூல் என்பதாக அவரது இளமை கழிந்தது. பிற்காலத்திற் பாராளுமன்றத்தில் இவர் பேச்சில் தவறு காண விழைந்தோர் இவர் கூறிய புள்ளிவிவரங்களில் தவறு காண்டல் அரிதென உணர்ந்ததற்கு அவ்விரவுப் படிப்பே காரணமாதல் வேண்டும்.

தொழில் நிமித்தம் அயர்ஷயரைச் சேர்ந்த இர்வின் நகருக்குச் சென்றவிடத்து இருவகை மாற்றம் நேர்ந்தது. ஒன்று, பாப்டிஸ்டுச் சபையைச் சார்ந்தமை. அச்சபையார் அரசின் பொருளுதவியைச் சமயம் நாடுதல் தகாது என்னும் கொள்கையினர். இஃது அவர்தம் பின்னாளைய அரசியலுக்கு வித்தாயிற்று. மற்றொன்று, நீல் என்னும் குடும்பத்தாரது நட்பு. அக்குடும்பத்தார் 1842-இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தபோது மெக்கன்ஸியாரும் உடன் கப்பலேறினர். அக்குடும்பத்துப் பெண்ணாகிய ஹெலன் என்பாரை மூன்றாண்டு கழித்து மணந்துகொண்டனர்.

அவர்கள் சென்றிறங்கிய கிங்ஸ்டன் நகரம் அந்நாளில் கனடா மாகாணத்தின் தலைநகர். மேல் கனடா, கீழ்க் கனடா என இரண்டாயிருந்த பகுதிகளை ஆங்கில அரசு 1841-இல் ஒன்றாக்கி அம்மாகாணத்தை அமைத்திருந்தது. நகரெங்கும் கட்டிட வேலை. கல் தச்சர்க்குக் குறைவிலாப் பிழைப்பு இருத்தல் வேண்டுமன்றோ? இருந்தது, ஆயின் மெக்கன்ஸியார்க்கு அஃது உடனே கிட்டிற்றில்லை. காரணம் கேட்கத்தக்கது. கிங்ஸ்டன் நகரம் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறைமேல் அமைந்தது. அந்நகரின் மனைகள் எல்லாம் அக்கல்லாலேயே எழுந்தவை. மெக்கன்ஸியார் தாய்நாட்டிலிருந்து சுமந்து வந்த கருவிகளோ அங்குள்ள மென்மையான கல்லுக்கென வடிக்கப்பட்டவை. அவை கிங்ஸ்டன் கல்லிற் பட்டுப் பயனிலவாயின. புதுக் கருவி வாங்கக் கையிற் பொருளில்லை. தொழில் முற்றிய கற்றச்சர், அந்நகரத்துப் பிரின்ஸஸ் தெருவில் எழுந்துகொண்டிருந்த ஒரு கட்டிடத்திற் கூலியாளாக வேலைக்கமர்ந்தனர். தாம் செதுக்கவேண்டிய கல்லைப் பிறர் செதுக்கக் கண்டு கொண்டு உடலுழைப்புக் கூலியாக நின்றார் என்க.

நம் ஊர்ச் சிற்பியர்க்கு இஃது எளிதில் விளங்கும். கருங்கல்லுக்கு ஓருளி, மாக்கல்லுக்கு ஓருளி. உளியைத் தோய்க்கும் பதமும் கல்லுக்கேற்ப வேறுபடும். பதம் தப்பினாற் கல் உடையாது, உளிதான் மழுங்கும்.

இந்நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. கருவி சேர்ந்தது, தொழில் மீண்டது, விரைவில் மேஸ்திரியாக உயர்ந்தனர். செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் வேகச் சுழல்களைத் தவிர்த்துக் கப்பல் செல்லுதற்பொருட்டு வெட்டப்பட்ட பொகார்னுவாக் கால்வாயில் அவர் பணி மேற்பார்த்து நின்ற காலத்தில், ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள கல்லொன்று சரிந்து அவர் காலை நசுக்கியது. உயிர் பிழைத்தார், கால் பழைய வலிமையை ஒருபோதும் பெறவில்லை. வெல்லந்துக் கால்வாயிலும் அவர் உழைத்துள்ளார். இவ்விரண்டும் அரசாங்கப் பணத்தில் நடைபெற்ற வேலைகள். குத்தகைக்காரர் எங்ஙனம் அளவைக் கூட்டுவர், எங்ஙனம் கல்லின் தரத்தைக் குறைப்பர், கூலியாளுக்குச் சேரவேண்டுவது இடைவழியில் எங்ஙனம் குறையும் என்பனவெல்லாம் அவர்க்குக் கண்கூடாக விளங்கிய இடங்கள் இவை. பின்னாளில் அவர் எந்த இலாகாவைத் தம் கையில் வைத்துக்கொண்டார் என்பதைக் காணும்போது அன்பர்கள் இதனை நினைவு கூர்க.

1840-களின் இறுதியில் மெக்கன்ஸியார் ஹியூரன் ஏரியின் தென்கோடியில், செயின்ட் கிளேர் ஆற்றங்கரையில், அமெரிக்க எல்லைக்கு எதிராக அமைந்த சார்னியா என்னும் சிற்றூருக்குக் குடிபுகுந்தனர். உடன்பிறந்தவராகிய ஹோப் மெக்கன்ஸியும், பின்னர் அன்னையாரும் ஏனை உடன்பிறந்தாரும் அவ்வூரை அடைந்தனர். சுற்றிலும் காடும் புதிய உழவர் குடியிருப்புகளும். அவ்வூர் வங்கிக் கட்டிடத்தையும் ஆங்கிலச் சபையாரின் கோயிலையும், அண்மையிலுள்ள சாத்தம், சாண்ட்விச் என்னும் ஊர்களின் நீதிமன்றம், சிறை ஆகியவற்றையும் குத்தகையெடுத்துக் கட்டியவர் மெக்கன்ஸியாரே. ஆங்கிலச் சபைக்கு அரசாங்கம் நிலம் ஒதுக்குவதைக் கடுமையாக எதிர்த்து நின்ற இவர், அச்சபையார் தமக்கெனக் கோயில் கட்டுவிக்க முற்பட்டபோது வேலையைச் செவ்வையாகச் செய்து கொடுத்தார். கொள்கை வேறு, கல் வேலை வேறு என்பது அவர் துணிபு போலும்.

இல்லற வாழ்வில் துன்பமே மிகுதி. ஹெலன் அம்மையார் ஈன்ற மக்கள் மூவருள் மேரி என்னும் பெண்மகவு ஒன்றே பிழைத்தது. 1852-இல் அம்மையார்க்குக் காய்ச்சல் கண்டபோது மருத்துவர் கலோமல் என்னும் பாதரச மருந்தை அளவின்றிக் கொடுத்தனர். அதனால் அவர் உயிர் துறந்தார். நம் சித்த மருத்துவர் பூரம் என்று வழங்குவதும் ஏறத்தாழ இப்பொருளே. அதனை அளவறிந்து கையாளாதார் கையில் அஃது எமனாகும் என்பது நம்மவரும் அறிந்தது. மறு ஆண்டு ஜேன் சிம் என்னும் உழவர் மகளாரை மெக்கன்ஸியார் மணந்தனர். அவ்வம்மையார் இறுதிவரை உறுதுணையாய் நின்றார்.

இனி அரசியல். அக்காலத்து மேல் கனடாவில் ஒரு சில குடும்பத்தாரே பதவியும் நிலமும் தமக்குரியவாகக் கொண்டிருந்த பழைய நிலை மெல்லத் தேய்ந்துகொண்டிருந்தது. 1791-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வழங்கப்படும் நிலத்தில் ஏழிலொரு பங்குக்கு ஈடான நிலம் புராட்டெஸ்டண்டுக் குருமார்க்கென ஒதுக்கப்பட்டு வந்தது. நெடுங்காலம் அதன் பெரும்பயனைத் துய்த்தவர் ஆங்கிலச் சபையாரே. அந்நிலங்கள் உழவர் பண்ணைகளுக்கிடையே பண்படுத்தப்படாமற் கிடந்து, பாதை அமைவதற்குந் தடையாயின. சீர்திருத்தக் கட்சியார் இதனை ஒழித்தல் வேண்டுமென முழங்கினர். 1854-இல் அஃது ஒழிந்தது. அக்கட்சியின் பெருந்தலைவர் டொராண்டோவில் குளோப் என்னும் நாளிதழை நடத்திய ஜார்ஜ் பிரவுன். 1851-இல் அவரைத் தம் பகுதியிற் போட்டியிடத் தூண்டி, வீடு வீடாகச் சென்று வாக்குத் திரட்டி வெற்றி பெறச் செய்தவர்களுள் மெக்கன்ஸியார் முதன்மையானவர். அன்று தொடங்கிய நட்பு பிரவுன் 1880-இல் மறையுங்காறும் குன்றவில்லை. பிரவுனின் வரலாற்றை 1882-இல் நூலாக எழுதி வெளியிட்டவரும் நம் கற்றச்சரே.

1852-இல் லாம்ப்டன் ஷீல்டு என்னும் உள்ளூர்ச் செய்தித்தாளுக்கு மெக்கன்ஸியார் ஆசிரியராயினர். உளிபோன்ற எழுத்து, எவர்க்கும் அஞ்சாது செதுக்கினார். அதன் பயனாக மானநட்ட வழக்கு ஒன்று வந்தது. தம் கூற்றை மெய்ப்பிக்க வேண்டிய முதன்மைச் சாட்சி, அமைச்சரவை இரகசியம் என்று கூறி வாய் திறக்க மறுத்தமையால் வழக்குத் தோற்றது. பொருள் நட்டத்தில் 1854-இல் தாளும் நின்றது. அரசாங்கத்தின் கணக்கும் கடிதமும் பொதுமக்கள் காணாதவாறு மூடிக்கிடந்தால், உண்மை உரைப்பவனே குற்றவாளியாக நிற்க நேரும் என்பதை அவர் தம் சொந்தப் பணத்தை இழந்து அறிந்தனர்.

அடுத்து நிகழ்ந்ததொன்றை நினைக்குந்தோறும் எமக்கு வியப்புண்டாகும். புதிய தலைநகராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒட்டவாவில் பாராளுமன்றக் கட்டிடங்கள் எழுப்ப 1859-இல் அரசாங்கம் டெண்டர் கோரியது. மெக்கன்ஸி உடன்பிறந்தாரும் தம் புள்ளியை அனுப்பினர். அது கிடைக்கவில்லை. நடுக் கட்டிடத்தின் குத்தகை தாமஸ் மெக்கிரீவி என்பாருக்குப் போயிற்று. வேலை தொடங்கி ஈராண்டுக்குள் ஒதுக்கிய பணம் கரைந்து, 1861-இல் வேலை நின்று, 1862-இல் விசாரணைக் குழு அமைக்க வேண்டிவந்தது. அம்மெக்கிரீவி பிற்காலத்திற் பாராளுமன்ற உறுப்பினராகி, மராமத்துக் குத்தகைகளில் நடந்த முறைகேட்டிற்காக 1891-இல் அவையினின்றும் நீக்கப்பட்டார். அப்போது மெக்கன்ஸியார் முதிர்ந்த உறுப்பினராக அவ்வவையில் இடம்பெற்றிருந்தார்.

வேலை நின்ற அதே 1861-ஆம் ஆண்டில், லாம்ப்டன் தொகுதியின் உறுப்பினராயிருந்த ஹோப் மெக்கன்ஸி மீண்டும் நிற்க விரும்பாமையால், அலெக்ஸாண்டர் மெக்கன்ஸியார் அவ்விடத்தில் நின்று கனடா மாகாணத்தின் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவர்க்கு 39 அகவை. பேச்சில் அலங்காரம் இல்லை. குரல் வறண்டது; ஸ்காட்லாந்து உச்சரிப்பு மாறாதது. ஆயின் கணக்கு அவர் நாவில் நின்றது. மதிப்பீடு இவ்வளவு, செலவு இவ்வளவு, மிகை ஏன் என்று கேட்கத் தொடங்கினால் எதிர்த்தரப்பினர் தாள்களைத் தேடத் தொடங்குவர். 1866-இல் சட்டசபை ஒட்டவாவின் புதிய கட்டிடத்திற் கூடியபோது, தமக்குக் கிடைக்காத டெண்டரின் சுவர்களுக்குள் உறுப்பினராக நுழைந்தனர். அக்கற்களின் இணைப்பை அவர் கண் எங்ஙனம் அளந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

1867-இல் கனடா மாகாணம் ஒண்டேரியோ, கியூபெக் என இரு மாகாணங்களாகப் பிரிந்து, நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக் ஆகியவற்றோடு இணைந்து கனடாக் கூட்டரசாயிற்று. மெக்கன்ஸியார் கூட்டரசின் பாராளுமன்றத்தில் இடம்பெற்றார். ஒருவரே கூட்டரசிலும் மாகாணத்திலும் உறுப்பினராயிருக்க அந்நாளில் இடமிருந்தமையால், 1871-இல் ஒண்டேரியோச் சட்டசபைக்கும் மேற்கு மிடில்செக்ஸ் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவ்வாண்டு ஒண்டேரியோவில் எழுந்த சிக்கலைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். மாகாணக் கருவூலத்திற் பணம் மிஞ்சியிருந்தது. இருப்புப்பாதை அமைக்கும் கம்பெனிகளுக்கு உதவுதற்கென 15 இலட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. ஒதுக்கியதில் எவரும் குறை கூறவில்லை. ஆயின் எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு என்பதை அமைச்சரவையே தன் விருப்பப்படி தீர்மானிக்கலாமென முதல்வர் சாண்ட்ஃபீல்டு மக்டொனால்டு வகுத்திருந்தார். இதன் ஆபத்து யாது? ஒவ்வொரு சிற்றூரும் தன் ஊர்வழியே இருப்புப்பாதை வரவேண்டுமென விரும்பும். பணப்பை அமைச்சர் கையில் இருக்குமாயின், எந்த ஊர் உறுப்பினரும் அவரைப் பகைத்துக்கொள்ளத் துணியார். பொதுப்பணம், பிறரது வாக்கை வாங்கும் விலையாகிவிடும். எதிர்க்கட்சித் தலைவர் எட்வர்டு பிளேக் என்னும் வழக்கறிஞரும் மெக்கன்ஸியாரும், ஒவ்வோர் உதவித்தொகையும் சட்டசபையின் முன் வெளிப்படையாக வைக்கப்பட்டு வாக்கெடுப்பின்பின்னரே கொடுக்கப்பட வேண்டுமென வாதித்தனர். 1871 டிசம்பரில் மக்டொனால்டு அமைச்சரவை வீழ்ந்தது. பிளேக் முதல்வராக, கற்றச்சர் மாகாணத்தின் பொக்கிஷப் பொறுப்பை ஏற்றார். பொக்கிஷத்தின் திறவுகோல் கைக்கு வந்தபோதும், அதனைச் சட்டசபையைக் கேளாது திறக்கலாகாது என்னும் தம் பழைய வாதத்தை அவர் மறந்தாரல்லர்.

அப்பதவியில் அவர் ஓராண்டும் நிரம்ப இருக்கவில்லை. ஒருவரே இரு அவைகளிலும் அமர்தல் கூடாதென 1872-இற் சட்டம் வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் பிளேக்கும் மெக்கன்ஸியாரும் மாகாணப் பதவிகளைத் துறந்து கூட்டரசுப் பாராளுமன்றத்தையே கைக்கொண்டனர். 1873 மார்ச்சில் மெக்கன்ஸியாரை லிபரல் கட்சியினர் தம் தலைவராகத் தேர்ந்தனர். அவ்வாண்டிலேயே, பசிபிக் கடற்கரை வரை இருப்புப்பாதை அமைக்கும் உரிமையை நாடிய செல்வர் ஒருவரிடமிருந்து ஆளுங்கட்சியினர் 1872 தேர்தலுக்குப் பெரும்பணம் பெற்றமை வெளிப்பட்டது. தலைமையமைச்சர் ஜான் மக்டொனால்டு பதவி விலகினார். 1873 நவம்பர் 7-ஆம் நாள் மெக்கன்ஸியார் தலைமையமைச்சராயினர். 1874 ஜனவரித் தேர்தலிற் பெருவெற்றி பெற்றனர்.

தலைமையமைச்சர் தமக்கென எந்த இலாகாவையும் வைத்துக்கொள்ளலாம். இவர் எடுத்துக்கொண்டது மராமத்து இலாகா. கால்வாய், துறைமுகம், அரசாங்கக் கட்டிடம், இருப்புப்பாதை ஆகிய அனைத்தும் அதன்கண் அடங்கும். பெருஞ் செலவு நிகழும் வாயில் அதுவே. திருட்டு நுழையும் வாயிலும் அதுவே. வாயிலைத் தாமே காத்தல் வேண்டுமென அவர் கருதினர். குத்தகைப் புள்ளிகளையும் மதிப்பீடுகளையும் தாமே ஒவ்வொன்றாகப் பார்த்து நள்ளிரவு வரை உழைத்தனர். இது நற்செயலா, பிழையா என்பதில் வரலாற்றாசிரியர் வேறுபடுவர். ஒரு நாட்டின் தலைவர் ஒவ்வொரு மதகின் கணக்கையும் தாமே பார்த்தால், கட்சியை ஒன்றுபடுத்தவும் நாட்டின் போக்கை வகுக்கவும் நேரம் எங்ஙனம் கிட்டும்? உடல்நலமும் கெட்டது. எம் கருத்தில், அவர் மேஸ்திரியாகவே நாட்டை ஆண்டார். ஸ்தபதியாக ஆள அவர்க்கு ஓய்வு கிட்டவில்லை.

எதிரிகளைவிட நண்பர்களே அவரைப் பெரிதும் வருத்தினர். தேர்தலில் உழைத்தவர் அனைவரும் குத்தகையும் வேலையும் கேட்டு வாயிலில் நின்றனர். ஒட்டவாவின் மேலைக் கட்டிடத்தோடு 1875 முதல் 1878 வரை புதிதாக ஒரு பகுதியும் உயர்ந்ததொரு கோபுரமும் இணைக்கப்பட்டன. இன்றும் அது மெக்கன்ஸி கோபுரம் என்றே வழங்கும். அங்கிருந்த தம் அலுவலறையினின்றும் வேண்டுவோர் கண்ணிற் படாது இறங்கிச் செல்ல மறைவானதொரு படிக்கட்டை அவர் அமைத்துக்கொண்டார் என்பர். கல் வேலை அறிந்தவர்க்கன்றி இவ்வுபாயம் தோன்றுமோ!

இவ்வளவு காவலிருந்தும் பழி வாராமலில்லை. பசிபிக் இருப்புப்பாதைக்கென 1874-இல் 50,000 டன் எஃகுத் தண்டவாளம் வாங்குவித்தார். விலை மிகத் தாழ்ந்துவிட்டது, இனித் தாழாது எனக் கருதி வாங்கியது. பின்னரும் விலை வீழ்ந்தது. தண்டவாளமோ பாதை ஆயத்தமாகாமற் கிடந்தது. அதன் ஒரு பகுதியை விற்ற வணிகக் குழுவில் அவர்தம் உடன்பிறந்தார் ஒருவர் பங்காளியாயிருந்தமையும் வெளிப்பட, எதிர்க்கட்சியார் ஓயாது தூற்றினர். மெக்கன்ஸியார் தமக்கென ஒரு காசும் எடுத்தாரென எவரும் மெய்ப்பித்ததில்லை. ஆயினும் உறவினர் பங்குகொண்ட கடையிற் பொதுப் பணத்தாற் சரக்கு வாங்குதல், கணக்கு நேர்மையாயிருப்பினும், காண்பார் கண்ணுக்கு நேர்மையாகத் தோன்றாது. அவரைப் போற்றும் நாம் இதனை மறைத்தல் முறையன்று.

அவர் ஆட்சியின் நிலைத்த செயல்களுள் முதலாவது 1874-ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டம். அதுவரை கூட்டரசுத் தேர்தல்களிற் பெரும்பாலான இடங்களில் வாக்காளர் பலர் முன்னிலையில் நின்று தம் விருப்பத்தை வாயாற் கூறல் வேண்டும். கடன் கொடுத்தவரும் வேலை கொடுத்தவரும் எதிரில் நிற்க, ஏழை எங்ஙனம் மனம்போல் வாக்களிப்பான்? தேர்தல் நாளும் தொகுதிக்குத் தொகுதி வேறுபட்டது. ஆளுங்கட்சியார் தமக்கு உறுதியான இடங்களில் முதலிலே தேர்தல் நடத்தி, அவ்வெற்றியைக் காட்டி மற்ற இடங்களை இழுப்பர். மெக்கன்ஸியாரின் சட்டம் இரகசியச் சீட்டு முறையையும், பொதுத் தேர்தலை ஏறக்குறைய எல்லா இடங்களிலும் ஒரே நாளில் நடத்தும் முறையையும் கொணர்ந்தது. உறுப்பினராதற்குச் சொத்து வேண்டும் என்னும் விதியும் நீங்கியது. 1875-இல் உச்சநீதிமன்றம் நிறுவப்பட்டது. 1876-இல், முன்னொரு காலத்தில் அவர் மழுங்கிய உளியோடு நின்ற அதே கிங்ஸ்டன் நகரில், இராணுவக் கல்லூரி 18 மாணவரோடு திறக்கப்பட்டது. 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தால், நிதி இலாகாவுக்குக் கட்டுப்படாது பாராளுமன்றத்திற்கே விடையிறுக்கும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பதவி ஏற்பட்டது. செலவு செய்வோனே கணக்கையும் சரிபார்த்தல் கூடாது என்பதே அதன் சாரம். அவர் இயற்றிய சட்டங்களுள் அவர்தம் தொழிலுக்கும் இயல்புக்கும் மிக ஒத்தது இதுவே எனக் கூறுவேம்.

பெருங்குறை ஒன்றும் அவ்வாட்சியில் நேர்ந்தது. 1876-இல் நிறைவேறிய இந்தியர் சட்டம் என்பது நம் நாட்டாரைப் பற்றியதன்று. கனடாவின் ஆதிகுடிகளை அரசாங்கத்தின் காவற்குட்பட்ட சிறார் போல் நடத்திய சட்டம் அது. அவர்தம் நிலமும் பணமும் அதிகாரிகளின் கையில் நின்றன. பிற குலத்தானை மணந்த ஆதிகுடிப் பெண் தன் குலவுரிமையையே இழந்தாள். அவ்விதி 1985 வரை நிலைத்தது. பொதுப் பணத்திற்குக் கணக்குக் கேட்ட கை, பிறர் நிலத்தைக் கேளாமலே கணக்கெழுதியது. தூக்குநூல் அச்சுவருக்குப் பிடிக்கப்படவில்லை.

1873 முதல் உலகெங்கும் வணிகம் சரிந்து வேலையின்மை பெருகியது. அயல்நாட்டுச் சரக்குக்கு உயர்ந்த வரி விதித்து உள்நாட்டுத் தொழிலைக் காப்போம் என்று மக்டொனால்டு முழங்கினார். வரி உயர்ந்தால் உழவன் வாங்கும் பொருள் விலை உயரும், பயன் சிலர்க்கே என மெக்கன்ஸியார் கணக்குக் காட்டினார். பசித்தவனுக்குக் கணக்கு இனிக்குமோ? 1878 செப்டம்பர் 17-ஆம் நாள் தேர்தல் நடந்தது. கூட்டரசில் இரகசியச் சீட்டு முறையில் நடந்த முதற் பொதுத் தேர்தல் அதுவே. தாம் அமைத்துக் கொடுத்த மறைவிடத்துள் நின்று மக்கள் அவரையே விலக்கினர். அக்டோபரில் அமைதியாகப் பதவியை விட்டிறங்கினார்.

விக்டோரியா அரசியார் வழங்க முன்வந்த சர் பட்டத்தை மும்முறை மறுத்தவர் அவர். கனடாவின் முதல் எட்டுத் தலைமையமைச்சருள் அப்பட்டமின்றி மறைந்தவர் இவரொருவரே. 1875-இல் தலைமையமைச்சராக ஆங்கில நாட்டிற்குச் சென்றபோது, தாம் கூலிக்குக் கல் செதுக்கிய இர்வின் நகரத்தார் நகருரிமை அளித்துப் போற்றினர், அதனை மறுக்கவில்லை. அவர்க்கு அஃது இனித்திருக்கும்.

1880-இல் கட்சித் தலைமை பிளேக்கிடம் சென்றது. அதன்பின் டொராண்டோவில் வாழ்ந்து, ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியொன்றின் முதல் தலைவராக இருந்து வாழ்க்கை நடத்தினார். வாத நோயினால் குரல் தேய்ந்தது. கணக்கொப்பித்த அந்நா அவையில் பெரும்பாலும் மௌனமாயிற்று. ஆயினும் உறுப்பினராகத் தம் இடத்தில் வந்து அமர்வதை விட்டாரல்லர். 1892 ஏப்ரல் 17-ஆம் நாள், வீட்டில் விழுந்து அடிபட்டதன் பின் மறைந்தார். உடலைச் சார்னியாவுக்குக் கொண்டுவந்து, ஏரியை நோக்கிய இடுகாட்டில் அடக்கஞ் செய்தனர். மறு ஆண்டில் ஜேன் அம்மையாரும் மறைந்தார்.

ஒட்டவாவின் மேலைக் கட்டிடத்தில் 2011 முதல் 2018 வரை பெருந் திருப்பணி நடந்தது. பழங்கற்களைத் தூய்மை செய்து, பிளந்தவற்றை மாற்றி, காரை போனவிடத்துப் புதுக்காரை இட்டனர். நடுக் கட்டிடம் பழுதுபார்த்தற்கென மூடப்பட்டமையால், 2019 ஜனவரி முதல் மக்களவை இக்கட்டிடத்துள் வந்து கூடலாயிற்று. 1859-இல் டெண்டர் கிட்டாத கற்றச்சரின் கோபுரம் அதன் மேல் நிற்கின்றது.